அருவிக்கு அப்புறம் இடமில்லை

குழவி மறுபடியும் நகர்ந்திருந்தது. நேற்று எழுந்து போகும்போது சுவரோடு ஒட்டித்தான் வைத்தாள் மதலேன், இன்றைக்குப் பார்த்தால் ஒரு விரற்கடை விலகி நிற்கிறது, மொசைக் தரை அல்லவா, கால் பெடலை மிதிக்க மிதிக்கக் கட்டையோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டே போகும், மகன் ரோமால்டு சென்னையிலிருந்து வாங்கி வந்த ரப்பர் விரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, கடைசியில் அவள்தான் அடுக்களையிலிருந்து அம்மிக் குழவியை இடுப்பில் தூக்கிவந்து பெடலுக்கும் சுவருக்கும் நடுவில் படுக்கப் போட்டாள், அதற்குப் பிறகுதான் திரையில் விமானம் ஓடுபாதையில் நேராக ஓடியது. எம்மா, ஒலகத்துலயே அம்மிக் குழவி வச்ச ஏரோப்ளேன் ஒன்னது மட்டுந்தான் என்று அவன் ஃபோனில் சிரித்தான். சிரிக்கட்டும். மேசையில் கைப்பிடியை இறுக்குகிற திருகு பலகையைக் கடித்துக் குழியாக்கியபோது நடுவில் சப்பாத்திப் பலகையை வைக்கச் சொன்னதும் அவள்தான். மேசை மகள் ஜெசிந்தா படித்த மேசை. அறையும் அவள் அறைதான். அவள் மடத்துக்குப் போன பிறகு சும்மா கிடந்த அறையில் ரோமால்டு ஒரு லீவுக்கு வந்து, விமானம் ஓட்டுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு என்று பெட்டி பெட்டியாய்ப் பிரித்து, வயர்களை மேசைக்கடியில் முடிச்சுப் போட்டு, பழைய டிவியைச் சுவரில் மாட்டி, காரில் இருப்பதில் பாதி வட்டம் மாதிரி ஒரு கைப்பிடியையும், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மூன்று நெம்புகோலையும் பூட்டினான், இரண்டு நாள் ஆசையாய் ஓட்டினான், லீவு முடிந்தது, போய்விட்டான். தூசி தட்டத்தான் அம்மாவை வைத்துவிட்டுப் போனான். தூசி தட்டப் போனவள் ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள், இடுப்புக்கு நன்றாக இருந்தது, கைப்பிடியை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள், அது ஒரு எதிர்ப்போடு, பிள்ளை அம்மாவின் விரலை இழுப்பது போல, திரும்பத் தன் இடத்துக்குப் போயிற்று. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு வண்டியையும் ஓட்டியறியாத கை. சைக்கிள்கூட இல்லை. அந்த இழுப்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

குழவியைக் குதிகாலால் தள்ளிச் சுவரோடு சேர்த்தாள். இன்றைக்கு இறக்கியே தீர வேண்டும். மலைமேல் இருக்கிற அந்தச் சின்ன ஓடுபாதையில், மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து, சக்கரம் தரையைத் தொட்டு நின்றே ஆக வேண்டும். வேறு எந்த நாளாக இருந்தாலும் சரி, விழுந்தால் விழுந்தது, திரை கறுத்துப்போய் மறுபடி தொடங்கவா என்று கேட்கும், ஆம் என்று அழுத்தினால் தீர்ந்தது. இன்றைக்கு அப்படி இல்லை. காலையில் ஜெசிந்தா கூப்பிட்டாள். மடத்து ஆபீஸ் ஃபோன், பின்னால் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம், நன்றாக இருக்கிறாயா, சாப்பிட்டாயா, அப்பா எங்கே, அப்பா அழைப்பிதழ் கொடுக்க மணப்பாட்டுக்குப் போயிருக்காங்க, பெரியதாழைக்கும் போய்ட்டுத்தான் வருவாங்க என்று இவள் சொன்னதும் ஃபோனைத் தள்ளிக் கொண்டுபோனாள் போல, தட்டுச் சத்தம் குறைந்தது. பிறகு, எம்மா, நான் வந்துரட்டா? அவ்வளவுதான் கேட்டாள். கன்னியராக வார்த்தைப்பாடு கொடுக்க இரண்டு வாரம்கூட இல்லை. ஆண்டவரே. யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள் மதலேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம், மதர் தங்கமானவங்களாம், கூட இருக்கிற பிள்ளைகள் எல்லாம் உயிராம், எனக்குத்தான் உள்ள ஒண்ணும் இல்லம்மா, எல்லாரும் முழங்கால்ல நிக்கும்போது நான் மட்டும் ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருக்கேன் என்றாள். மதலேன் வாயிலிருந்து என்ன வந்தது? ஆரம்பிச்சத பாதியில விடக் கூடாதுட்டி. யோசித்து வந்ததில்லை, தும்மல் வருவது போல வந்தது. சரிம்மா, சாயந்திரம் மதர்ட்ட கேட்டுட்டு இன்னொரு தடவை ஃபோன் பண்ணுதேன், அப்ப யோசிச்சுச் சொல்லு என்று வைத்துவிட்டாள். அழுதிருந்தால் பரவாயில்லை. அழவில்லை. அந்தச் சரிம்மா காதிலேயே நின்றது, மீன் கழுவும்போதும் நின்றது, உலை கொதிக்கும்போதும் நின்றது, அதனால்தான் சோறு வடித்துவிட்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டாள், தாயே, எனக்குப் பெரிய படிப்புக் கிடையாது, ஒரு அடையாளம் கொடு, இன்றைக்கு நான் அந்த மலையில் இறங்கிவிட்டால் என் பிள்ளை அங்கேயே இருக்கட்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, விழுந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லாமல் விட்டுவிட்டோம் என்று.

எஞ்சின் பிடித்தது. விசிறி சும்மா சுற்றுவது போல முதலில் தடுமாறி, பிறகு அறை முழுக்க ஒரே உறுமல், கீழ்வீட்டு பெபியோலா ஒரு தடவை படியேறி வந்து எந்நேரமும் என்ன மாவா ஆட்டுதிய என்று கேட்டாள், ஆமா என்று சொல்லிவிட்டாள் மதலேன், அந்த ஆமாவைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் செய்தாள், சாமியார் எந்த மாவு என்று கேட்காமல் விட்டாரே, அது மாதா செயல். எரிபொருள் இருக்கிறது. ட்ரிம் சக்கரம், மூக்கை ஒரே நிலையில் நிறுத்துவது, நடுவில் இருக்கிறது. ஃப்ளாப், இறக்கையின் பின்விளிம்பில் தொங்குகிற பலகை, ஒரு படி இறங்கியிருக்கிறது. பிரேக்கை விடும் முன்னேயே சிலுவை போட்டுக்கொண்டாள். இதை முதலில் ஓடும்போது போடுவாள், வலது கையை நெற்றிக்குக் கொண்டு போன அந்த நொடியில் நெம்புகோல் தன் கனத்தில் கீழே சரியும், எஞ்சின் அடங்கும், வேலியில் போய் நிற்பாள், நாலைந்து தடவை அப்படி. எம்மா, சிலுவையை நின்னுக்கிட்டே போட்டுட்டு அப்புறம் கெளம்பேன், சாமி கோவிச்சுக்காது என்றான் ரோமால்டு. இப்போது கை நெம்புகோலை விட்டு நகராது. முன்னால் தள்ளினாள். இடது பக்கம் இழுத்தது, வலது காலை மிதித்தாள், குழவி தாங்கிற்று. கோடுகள் ஓடின, ஓடி ஒன்றாகின, கைப்பிடி மெல்ல உயிர் பெற்றது, இழு என்று சொல்லாமலே கை இழுத்தது, தரை அவளை விட்டது. இந்த ஒரு நொடிக்காகத்தான். எத்தனை தடவை ஆனாலும் வயிற்றுக்குள் ஒரு சின்னக் குலுக்கம், ஜெசிந்தா வயிற்றில் முதல் தடவை புரண்டபோது இருந்த மாதிரி, வெளியில் தூத்துக்குடி வெயில் உப்பு லாரியின் கூரையைப் பொசுக்கிக்கொண்டிருக்க, இங்கே நெல் வயல்கள் படிப்படியாய் இறங்கிப் போக, தூரத்தில் வெள்ளையாய், மேகமென்று நினைத்தால் மேகமில்லை, பனி. முழங்கையில் மயிர் நின்றது. பொய்ப் பனிக்கு எதற்கடி குளிர் உனக்கு.

ஆறு கீழே வெள்ளி நூலாய்க் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் இரும்புத் தொங்குபாலம் வரும், பாலத்தில் வலது பக்கம் ஒதுங்க வேண்டும், மலையை உரசுகிற மாதிரி, முதலில் இதற்குத்தான் பயந்தாள், நடுவில் போனால் இரண்டு பக்கமும் பத்திரமாய் இருக்குமே என்று தோன்றும், ஆனால் நடுவில் போகிறவனுக்குத் திரும்பப் பாதி இடம்தான் இருக்கும், ஓரத்தில் போகிறவனுக்கு முழுப் பள்ளத்தாக்கும் இருக்கும் என்று ரோமால்டு தாளில் படம் போட்டுக் காட்டினான். அவன் சொன்னதில் ஒன்று மட்டும் அவளுக்கு எப்போதும் மனதில் நிற்கும். எம்மா, மலைக்குள்ள போறவ மொதல்ல பாத்து வைக்க வேண்டியது எறங்குற எடத்த இல்ல, திரும்புற எடத்த. பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் வலப்பக்கம் ஒரு அருவி. அதுதான் கடைசி. அருவிக்கு அப்புறம் இரண்டு மலையும் நெருங்கிவிடும், விமானம் திரும்புகிற அகலம் கிடையாது, ஏறவும் சக்தி கிடையாது, போனால் போக வேண்டியதுதான், ஓடுபாதை தெரிந்தால் பிழைத்தாய். அருவிக்கு வரும்போது அடுத்த வளைவு தெளிவாய்த் தெரியவில்லையென்றால் திரும்பிவிடு. சரி என்றாள். ஆனால் அருவி மூட்டத்தில் பாதி நாள் தெரியாது, கடிகாரத்தையும் பார்த்து ஆற்றையும் பார்க்க அவள் கண்ணுக்கு வராது, அதனால் தன் வழியில் அளந்தாள், பாலத்தில் செபமாலையின் ஒரு பத்தைத் தொடங்குவாள், பத்து மணிகள், ஒவ்வொரு மணியிலும் ஒரு அருள் நிறைந்த மந்திரம், ஒரே நிதானமாய், சத்தமாக, வேகம் கூட்டாமல். ஆறாவது மணியை விரல் தொடும்போது அருவி. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. தப்பியது வேறு. ஒரு பத்தைத் தொடங்கினால் முடிக்காமல் விரலை எடுக்கக் கூடாது என்று கன்னியர் பள்ளியில் எட்டாவது வரை படித்த நாளில் கற்றுக்கொண்டது, தாழ்வாரத்தில் முழங்கால் வலிக்க வலிக்க, கரண்டி பிடிக்கும்போதும், பிரசவ வலியிலும்கூட விட்டதில்லை, நர்ஸ் மூச்சை விடும்மா என்று கத்தினாளே, இரு, இன்னும் மூணு என்றாள். ஆறாவது மணியில் முன்னால் வெள்ளையாய் மூடியிருக்கும். கண் பார்க்கும். கைக்கும் தெரியும். வாய் ஏழாவதைத் தொடங்கிவிடும். ஏழு, எட்டு, மலை இரண்டு பக்கமும் வரும், ஒன்பது, ஸ்டால் ஆகப் போகிறாய், வேகம் போதாமல் விழப் போகிறாய் என்று அந்த ஊதல் சத்தம், பத்து முடியும்போது திரை கறுத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் முடித்துவிட்டுத்தான் செத்தாள்.

பாலம் தூரத்தில் தெரிந்தது. இன்றைக்கு உண்மையான வானிலை, ரோமால்டு அந்த மலையில் இந்நேரம் என்ன மேகமோ அதையே இங்கே வரும்படி வைத்திருந்தான். ஒரு பொத்தானைத் தட்டினால் தெளிந்த வானம் வந்துவிடும். தட்டலாம். யாருக்குத் தெரியும். மாதாவிடம் அடையாளம் கேட்டுவிட்டுப் பொத்தானைத் தட்டுவதாமே, நல்லாயிருக்கு. கை தட்டப் போகவில்லை, ஆனால் தட்டலாமா என்று நினைத்ததே அவளுக்கு எதையோ சொல்லிற்று. இறங்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு ஆசை? மகள் அங்கேயே இருக்க வேண்டும் என்றுதானே? பார், உன்னை நீயே பார், மதலேன். அழைப்பிதழில் தன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, சிஸ்டரைப் பெற்ற பாக்கியவதி என்று பங்குச் சாமியார் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும், கோயிலில் முதல் வரிசை, பெபியோலா தன் பழைய பட்டுச்சேலையை எடுத்து இஸ்திரி போட்டுவிட்டாளாம். அவர், தொபியாஸ், எந்த நல்லது நடந்தாலும் அதை மற்றவர் வாயால் கேட்டால்தான் நம்புகிற மனுஷன், இன்றைக்கு வீடு வீடாய் ஏறி இறங்கி எம்மவ சிஸ்டராகுதா என்று சொல்லிக்கொண்டு வருகிறார், சொல்லச் சொல்லக் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார், துறைமுகத்து மூட்டைக் கணக்குப் பார்த்துக் கூனிய முதுகு. அந்த மனுஷனிடம் என்னவென்று சொல்வது. கொடுத்த அழைப்பிதழைத் திரும்ப வாங்க முடியுமா. அனுப்பி வைத்த அன்றைக்குத் தெருவே பஸ் நிறுத்தத்துக்கு வந்தது, ஜெசிந்தா சேலை கட்டத் தெரியாமல் ஊக்கு ஊக்காய்க் குத்திக்கொண்டு, எல்லார் காலிலும் விழுந்து எழுந்து, கடைசியில் பஸ் ஜன்னலில் உட்கார்ந்து இவளைப் பார்த்தாள். அந்தப் பார்வை. சந்தோஷம் என்று இத்தனை நாள் வைத்திருந்தாள். இப்போது எடுத்துப் பார்த்தால், திரும்புகிற இடம் எங்கேயிருக்கிறது என்று தேடுகிற கண் மாதிரி இருக்கிறது, இல்லை, இது இப்போது நானாய் நினைப்பது, அன்றைக்கு அவள் சிரித்தாள், கை காட்டினாள், பஸ் போயிற்று.

பாலம் காலடியில் போயிற்று. வலது பக்கம் ஒதுங்கினாள், பாறையும் குட்டை மரங்களும் இறக்கையின் நுனியில் கிழிபடுவது போல ஓடின, இடது கை கைப்பிடியில், வலது கை நெம்புகோலில், செபமாலை அந்தக் கையிலேயே சுற்றியிருக்கிறது, கட்டைவிரல் மணியைத் தள்ளும். ஒன்று. எஞ்சின் சத்தம் சீராய். இறங்க வேண்டும், இன்றைக்கு இறங்கியே ஆக வேண்டும், அந்தச் சாய்ந்த ஓடுபாதை, முடிவில் கற்சுவர், பக்கத்தில் தகரக் கூரைகள், படத்தில் பார்த்தது. இரண்டு. காற்று ஒரு குலுக்குக் குலுக்கிற்று, மூக்கைத் தாழ்த்தாமல் பிடித்தாள். மூன்று. உள்ள ஒண்ணும் இல்லம்மா. உள்ளே ஒன்றும் இல்லாமல்கூட முடிக்கலாமடி, நான் முடிக்கவில்லையா, எத்தனை பத்து வெறும் வாயால் போயிருக்கிறது, சோறு பொங்குகிறதா என்று ஒரு கண், பால் காய்கிறதா என்று ஒரு கண். நான்கு. ஆனால் நான் அடுக்களையில் இருந்தேன். வேண்டுமென்றால் எழுந்து போகலாம். அவள்? கழுத்தில் சிலுவை போட்ட பிறகு எழுந்து போகிறவளைத் தெரு எப்படிப் பார்க்கும், இன்றைக்குத் திரும்பினால் ஒரு மாதப் பேச்சு, பத்து வருஷம் கழித்துத் திரும்பினால்? இரண்டு பக்கமும் மலை நெருங்கின பிறகு? ஐந்து. மூட்டம். ஆற்றைக் காணோம். வெள்ளைத் துணியை உதறிப் போட்டது போல முன்னால் ஒரு மேகம், கீழே இறங்கி, அடுத்த வளைவின் வாயில் உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்குத்தான் உட்கார வேண்டுமா அதற்கு. இதற்குள்ளே போனால் ஒருவேளை அந்தப் பக்கம் வெளிச்சமாய் இருக்கலாம், ஒருவேளை ஓடுபாதை நேர் முன்னால் இருக்கலாம், மாதா நடத்துவாள், நடத்துவாளே, நடத்தித்தான் ஒவ்வொரு தடவையும்.

ஆறு. வலப்பக்கம், மூட்டத்தின் கிழிசலில், அருவி.

பின்பக்கமாய் எதுவோ அவளைத் தொட்டது போலிருந்தது, வேறொன்றுமில்லை, நாற்காலியின் முதுகில் போட்டிருந்த ஜெசிந்தாவின் பழைய துப்பட்டா, தூசி படாமல் இருக்க எந்திரத்தின்மேல் போர்த்துவது, மின்விசிறிக் காற்றில் கழுத்தில் விழுந்தது. வாய் ஏழாவதுக்குத் திறந்தது. முதல் சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. நாற்பத்தைந்து வருஷமாய் நிற்காதது. நின்றது. அவள் அதை விழுங்கினாள். உடம்பு முழுக்க, கால் தவறிப் படியில் இறங்கியது போல ஒரு திடுக்கிடல், பாவமோ என்று நினைப்பதற்குள் வலது கை நெம்புகோலைப் பின்னால் இழுத்தது, வேகம் குறையட்டும், வேகம் குறைந்தால்தான் வட்டம் சின்னதாகும், ஃப்ளாப் ஒரு படி, இப்போது சக்தி, இப்போது இடது பக்கம், சாய், இன்னும் சாய், பயப்படாதே, பள்ளத்தாக்கு முழுவதும் உன்னுடையது, அதற்குத்தானே ஓரத்தில் வந்தாய். அடிவானம் எழுந்து செங்குத்தாய் நின்றது. எதிர்ப்பக்கத்து மலை திரையை நிறைத்தது, மரம், பாறை, பாறையில் பாசி, இவ்வளவு பக்கத்தில் இதுவரை பார்த்ததே இல்லை, ஊதல் ஒரு கணம் கத்திற்று, கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள், கத்தல் நின்றது, தளர்த்தினால் பிழைக்கும் என்று கை எப்போது கற்றது. கால் வலித்தது. குழவி தாங்கிற்று. மலை நகர்ந்தது. நகர்ந்து, நகர்ந்து, விலகி, அதன் பின்னாலிருந்து ஆறு வந்தது, பாலம் வந்தது, வந்த வழி முழுவதும் வெயிலோடு விரிந்து கிடந்தது. இறக்கைகளை நேராக்கினாள். திரை கறுக்கவில்லை. மறுபடி தொடங்கவா என்று யாரும் கேட்கவில்லை. சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. கட்டைவிரல் இன்னும் ஆறாவது மணியிலேயே இருந்தது, மிச்சம் நாலு கீழே தொங்கி, எஞ்சின் சத்தத்துக்கு ஆடுவது போல ஆடின. வீட்டுக்குப் போகிற வழியிலே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சொல்லவில்லை. ஏதோ ஒன்று கீழே, வயல்களில், இவ்வளவு பச்சையாய் இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அவள் இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்ததே இல்லை. இதுவரை உயிரோடு திரும்பினதில்லையே.

அடையாளம் கேட்டாயே, என்று நினைத்தாள், என்ன ஆயிற்று. இறங்கவும் இல்லை, விழவும் இல்லை. மாதா சும்மா இருந்துவிட்டாள். திருப்பினது யார்? நான். நான்தான். சொல்லிப் பார்த்தாள், சத்தமாக, எஞ்சினுக்குக் கேட்கிற மாதிரி. அப்போது ஃபோன் அடித்தது. விமானம் இன்னும் காற்றில், கிளம்பின ஓடுபாதை தூரத்தில் ஒரு நகக்கீறலாய்த் தெரிந்தது. நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அவள் அதை எப்போதும் தொட்டதில்லை, இன்றைக்கும் தொடவில்லை. ட்ரிம் சக்கரத்தை ஒரு சுழற்று, கைப்பிடி தானே நிற்கட்டும், ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு சப்பாத்திப் பலகையின்மேல் சாய்த்துவைத்தாள்.

எம்மா என்றாள் ஜெசிந்தா. மூச்சு ஸ்பீக்கரில் கேட்டது.

"வா" என்றாள் மதலேன்.

"எம்மா?"

"வாட்டி. நாளைக்கே மதர்ட்ட சொல்லு. அழாம, நன்றி சொல்லி, முறையாச் சொல்லிட்டு வா. ஒங்கப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"அப்பா கார்டு குடுக்கப் போயிருக்காங்களே."

"போனா என்ன. குடுத்த வீட்டுக்கு நானும் கூடப் போய்ச் சொல்லுதேன். ஒவ்வொரு வீடா. எனக்குக் காலு நல்லாத்தான் இருக்கு."

அந்தப் பக்கம் அழுகை வந்தது, காலையில் வராத அழுகை, மதலேன் அதை வெட்டவில்லை, மேசையையும் கட்டிலையும் மனதுக்குள் நகர்த்திப் பார்த்தாள், மேசை ஜன்னல் பக்கம் போனால் கட்டில் சுவரோரம் வரும், குழவிக்குத்தான் வேறு சுவர் பார்க்க வேண்டும். ஓடுபாதை விரலளவு ஆகியிருந்தது. கைகள் தாமாய்ப் போய்க் கைப்பிடியைப் பிடித்தன. அழுகை மூக்குறிஞ்சலாய்த் தேய்ந்தது.

"எம்மா, அது என்ன சத்தம்? கிரைண்டரா?"

"இல்லட்டி. ஏரோப்ளேன். ஒன் ரூம்லதான் நிக்குது."

"என்னது?"

"வந்து பாரு. இப்ப பேசாத, வைக்கவும் வைக்காத. எறக்கிக்கிடுதேன்."

ஜெசிந்தா வைக்கவில்லை. மடத்துத் தாழ்வாரத்தில் எங்கோ மணி அடிக்கத் தொடங்கியது ஃபோன் வழியாகக் கேட்டது, அவளை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்டது, அவள் அசையவில்லை போல, மூச்சு அங்கேயே இருந்தது. மதலேன் நெம்புகோலை மெல்லப் பின்னால் இழுத்தாள். எஞ்சின் அடங்க அடங்க அந்த மூச்சு பெரிதாய்க் கேட்டது. தரை எழுந்து வந்தது, அவசரமில்லாமல், அவள் மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள், இன்னும் கொஞ்சம், பொறு, பொறு, சக்கரங்கள் தொட்டன.